ஏரியோ, எரியோ?

பழைய ஏட்டைப் படிக்கப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படும் பகை பூச்சியன்று, எழுத்தே. ஓலையில் எழுதினோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் அரிது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டுவதுமில்லை. நாம் இன்று எழுதும் முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்தார் என்பர். ஆகவே ஏட்டில் 'எரி' என்றிருப்பின் அது தீயுமாகலாம், ஏரியுமாகலாம்.

அதே அடியில் 'நெ' என்னும் எழுத்து எஞ்சி, அடுத்த எழுத்தைப் பூச்சி தின்றுவிட்டதெனக் கொள்வோம். அது நெல்லா, நெய்யா? ஏரியெனின் நெல் பெரிதும் பொருந்தும். எரியெனின் நெய்யும் பொருந்தும். ஒன்றைத் துணிய மற்றொன்று வேண்டும், இரண்டுமோ துணியப்படாதன. பதிப்பாசிரியர் தமக்கினியதைத் தேர்ந்து அச்சேற்றுவார். மற்றைப் பாடம் அன்றே மாயும்.

இத்தகைய சிக்கலுக்கு 1984ஆம் ஆண்டில் ஜெமன் சகோதரர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர் ஒரு வழி கூறினர். அவர்கள் எடுத்துக்கொண்டது ஏடன்று, பழுதுற்ற படம். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அயற்புள்ளிகளைக் கொண்டே ஊகித்தல் வேண்டும், அவ்வயலும் ஐயத்திற்குரியதே. அவர்கள் வழிக்கு வழங்கும் பெயர் 'கிப்சு மாதிரியெடுப்பு'. கிப்சு என்பார் 1903இல் மறைந்த அமெரிக்கப் பௌதிக அறிஞர்; இம்முறையை அவர் கண்டதில்லை. துகட்கூட்டங்களைப் பற்றி அவர் வகுத்த கணக்கு இதற்கு அடியாதலின் பெயர் மட்டும் இரவல்.

முறை எளிது. ஏரியெனின் நெல்லுக்கு மூன்று சீட்டும் நெய்க்கு ஒன்றும், எரியெனின் இரண்டிற்கும் இவ்விரண்டு சீட்டும் எழுதுக. அவ்வாறே நெல்லெனின் ஏரிக்கு மூன்றும் எரிக்கு ஒன்றும், நெய்யெனின் இவ்விரண்டு. முதலில் எரியென்றே வைத்துக்கொண்டு அதற்குரிய சீட்டெடுக்க. நெல் வந்ததாயின், எரியை மறந்து, நெல்லுக்குரிய சீட்டுகளுள் ஒன்றை எடுக்க. இவ்வாறு மாறி மாறிச் சென்று, தொடக்கத்துச் சுற்றுகள் சிலவற்றைத் தள்ளி, எஞ்சியவற்றை எண்ணுக. நெடிது சென்றால் மூன்றில் இரு பங்கு ஏரியென்றே வரும். ஏரியும் நெல்லும் ஒருங்கே வருதல் பாதி. மிகப் பொருந்துவதையே எப்போதும் கொள்ளாது சீட்டுக்கு இடங்கொடுத்தலே இதன் உயிர். அதனாலன்றோ எரியும் தனக்குரிய பங்கைப் பெறுகிறது!

இரண்டு ஐயமெனின் இதனைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். ஐயங்கள் பல்லாயிரமாயின் கையாற் கணக்கிட ஆயுள் போதாது. கணினியோ சலியாமற் சீட்டெடுக்கும். 1990இல் கெல்பாண்டு, சிமித் என்னும் இருவர் இதன் பயனைப் புள்ளிவிபரவியலார்க்கு விரித்துரைத்த பின்னர், மருத்துவம் முதலாகப் பல துறைகளிலும் இது புகுந்தது.

குறையும் உண்டு. ஏரிக்கு நெல்லன்றி வேறில்லை, எரிக்கு நெய்யன்றி வேறில்லை, நெல்லுக்கும் நெய்க்கும் அவ்வாறே எனச் சீட்டெழுதினால், தொடங்கிய இடத்திலேயே என்றும் சுழல்வோம். எண்ணிக்கை பெருகும், அறிவு பெருகாது. புலவருள்ளும் இவ்வாறு சுழல்வார் உளர். அன்றியும், சீட்டு மூன்றா இரண்டா என்பதைக் கணினி தானே அறியாது. அது நூற்பயிற்சி தரவேண்டியது.

பண்டிதனுக்குக் கணிதம் எதற்கென்பார்க்கு எம் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளைக் காட்டுவேன். விஞ்ஞானப் பட்டமும் பெற்ற அவர், மறைந்த யாழைக் கணக்கினாலேயே மீட்க முயன்றார். யாழ் நூல் வெளிவந்தது 1947இல்.

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் இல்லங்களில் அறபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள் சில இன்னும் உள. அறபெழுத்திற்குப் புள்ளி முதலிய குறிகளைக் கூட்டித் தமிழொலிகளை எழுதிய முறை அது. குறி தேய்ந்தால் எழுத்தே மாறும். அத்தகைய படியொன்றைத் தமிழெழுத்திற் பெயர்த்து வருகிறேன். ஐயமான சொல் ஒவ்வொன்றிற்கும் இரு பாடங்களையும் அவற்றின் பங்கையும் ஓரத்திற் குறிக்கிறேன். அச்சகத்தார் ஓரத்தில் இடம் போதாதென்கின்றனர். ஓரத்தை அகலமாக்குமாறு சொல்லியிருக்கிறேன்.