பொள்ளாச்சிப் பச்சையா, உடுமலைப் பச்சையா?

பொள்ளாச்சிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள். கல்யாணப் பந்தியிலோ மாட்டுச் சந்தையிலோ இரண்டு ஊர் விவசாயிகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், ஊர்ப் பெருமை தொடங்கிவிடும். "எங்கூருக்கு வந்தா வெயிலே தெரியாதுங்க, அத்தனை தென்னை" என்பார் பொள்ளாச்சிக்காரர். "தென்னைய விட்டா உங்கூர்ல வேற என்னங்க மரம் இருக்குது?" என்று உடுமலைக்காரர் திருப்பிக் கேட்பார்.

ஆழியாறு, குரங்கு அருவி, டாப்சிலிப், வால்பாறை மலைச்சாலை என்று ஒரு பக்கம் அடுக்கினால், திருமூர்த்தி மலை, பஞ்சலிங்க அருவி, அமராவதி அணை, அங்குள்ள முதலைப் பண்ணை என்று மறுபக்கம் அடுக்கும். சிரித்துப் பேசி முடிகிற போட்டிதான். ஆனால், உடுமலைக்காரர் கேட்கும் அந்தக் கேள்வி இரண்டு ஊர்த் தோட்டங்களையும் தொடுகிற கேள்வி. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒரே மலை, ஒரே தண்ணீர்

இரண்டு ஊரும் கை காட்டுவது ஒரே ஆனைமலைத் தொடரைத்தான். ஆனைமலை புலிகள் காப்பகத்தின் பொள்ளாச்சி, உலாந்தி, வால்பாறை, மானாம்பள்ளி வனச்சரகங்கள் ஒரு கோட்டத்திலும், உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் மற்றொரு கோட்டத்திலும் இருக்கின்றன. காடு ஒன்றுதான்.

தண்ணீரும் அப்படியே. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில், பரம்பிக்குளத்துத் தண்ணீர் சுரங்கப் பாதை வழியாகத் தூணக்கடவு வந்து, சர்க்கார்பதி மின் நிலையத்தில் இறங்கி, மலையடிவாரத்தைச் சுற்றி வரும் காண்டூர் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணையைச் சேர்கிறது. அங்கிருந்து சுமார் 3.77 லட்சம் ஏக்கருக்கு, நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துப் பாசனம் நடக்கிறது. உடுமலையின் அணை நிரம்புவது பொள்ளாச்சிப் பக்கத்துக் காடு தரும் தண்ணீரால்தான். காடு கெட்டால் இரண்டு ஊர் வாய்க்காலும் வறளும்.

பச்சை ஏன் வேறுபடுகிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. வாசலுக்கு அருகில் இருக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளுக்கு ஆனி, ஆடியில் சாரல் கிடைக்கிறது. கிழக்கே போகப் போக மழை குறைந்து காற்று மட்டும் மிஞ்சுகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம்.

ஆகவே பொள்ளாச்சியில் தென்னையும், அதன் நிழலில் ஜாதிக்காய், கோகோவும் செழித்தன. உடுமலைக்குக் கிழக்கே தாராபுரம், காங்கயம் திசையில், மழை குறைந்த நிலத்துக்கு ஏற்ற வேறொரு பச்சை உருவானது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல், மேயக் காங்கயம் மாடு. இதுதான் கொரங்காடு. வரப்பில் பனையும் வேம்பும் நிற்கும். பார்வைக்கு அடர்த்தி குறைவுதான், ஆனால் வறட்சி ஆண்டிலும் தீவனமும் நிழலும் தரும்.

ஒரே மரத்தை நம்பினால்

பொள்ளாச்சியின் அழகு பெரும்பாலும் ஒரே மரத்தின் அழகு. அதன் ஆபத்தை இப்பகுதி விவசாயிகள் நன்றாகவே பார்த்துவிட்டார்கள். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் பதிவான இடங்களுள் பொள்ளாச்சியும் ஒன்று. ஆண்டு 2016. ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருளும், மேலே கரும்பூசணமும் படர்ந்து தோப்புகள் கறுத்தன.

அதைவிடப் பெரிய கவலை கேரள வேர் வாடல் நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் இதைப் பரப்புகின்றன. கீற்றுகள் விறைப்பு இழந்து விலா எலும்பு போல உள்நோக்கி வளையும். அடிமட்டைகள் மஞ்சளாகும், கீற்றின் ஓரம் கருகும். மரம் உடனே சாகாது. காய்ப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். அதனால்தான் வெட்ட மனம் வராது. நிற்கிற ஒவ்வொரு நோய் மரமும் பக்கத்து மரத்துக்கு நோய் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பூச்சிக்கு ஊர் எல்லை தெரியாது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. பொள்ளாச்சித் தோப்பின் நோயைப் பார்த்து உடுமலைக்காரர் ஒதுங்கி நிற்க முடியாது. அங்கேயும் இப்போது வாய்க்கால் பாயும் இடமெல்லாம் தென்னைதான்.

பொள்ளாச்சிப் பக்கம் செய்ய வேண்டியது

ஆண்டுக்கு 10 காய்க்கும் குறைவாகத் தரும், நோய் முற்றிய மரங்களை அகற்றிவிடுங்கள். மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு, மரம் ஒன்றுக்குத் தொழு உரம் 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ, மக்னீசியம் சல்பேட் 1 கிலோ இடலாம். ரசாயன உரங்களை இரண்டாகப் பிரித்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது வையுங்கள். இது நோயைக் குணப்படுத்தாது. மரத்தின் தெம்பையும் காய்ப்பையும் காக்கும்.

வெட்டிய இடத்தில் நட, மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா ஆகியவை நோயைத் தாங்கும் ரகங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். சுற்றிலும் நோய் இருந்தும் தான் மட்டும் நலமாக நின்று காய்க்கும் மரம் ஏதாவது உங்கள் தோப்பில் இருந்தால், அதைக் குறித்து வைத்து ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொல்லுங்கள். நோயைத் தாங்கும் தாய்மரங்களை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நாளை உடுமலைக்கும் அது தேவைப்படலாம்.

வெள்ளை ஈக்கு வீரிய மருந்து அடிக்க வேண்டாம். அதைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா ஒட்டுண்ணி செத்துப்போகும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, ஓலையின் அடியில் படும்படி தண்ணீரை விசையாகப் பீய்ச்சினால் போதும். கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதா கரைசல் தெளித்தால் காய்ந்து உதிர்ந்துவிடும்.

உடுமலைப் பக்கம் செய்ய வேண்டியது

நோய் புதிதாகத் தலைகாட்டும் இடத்தில் காத்திருக்கக் கூடாது. அறிகுறி உறுதியானால், காய்ப்பு இருந்தாலும் அகற்றுவதே சரி. ஒரு மரத்தின் இழப்பு ஒரு தோப்பைக் காப்பாற்றும். நோய்ப் பகுதியிலிருந்து தெரியாத இடத்துக் கன்று வாங்குவதைத் தவிருங்கள்.

பொள்ளாச்சியைப் பார்த்து, காற்று அடிக்கும் நிலத்தில் ஜாதிக்காய் வைக்கவும் வேண்டாம். மேற்கு எல்லையில், வடக்குத் தெற்காக இரண்டு வரிசை சவுக்கு, வேம்பு அல்லது மலைவேம்பு நட்டால், மரத்தின் உயரத்தைப் போல 10 மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகம் தணியும். உள்ளே வாழையும் காய்கறியும் பிழைக்கும். கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டுவதும், பனையைச் சாய்ப்பதும் இருக்கும் பலத்தை இழப்பதாகும்.

போட்டியை இப்படி வைத்துக்கொள்வோம்

பலவகை மரம் நட்டால் வாடல் நோயே வராது என்று நான் சொல்லவில்லை. தென்னை ஓய்ந்தாலும் வீட்டில் அடுப்பு எரிய வேறொரு மரம் நிற்கும் என்கிறேன். கிளைரிசிடியா தழை உரமாகும், ஒட்டுப் புளி சீக்கிரம் காய்ப்புக்கு வரும், மலைவேம்பு சில ஆண்டுகளில் மரமாக விலை போகும்.

எனவே எந்த ஊரில் மரம் அதிகம் என்று கேட்பதை விட்டு, எந்த ஊர்த் தோட்டத்தில் மர வகை அதிகம் என்று கேட்போம். உங்கள் வேலி ஓரமாக 100 அடி நடந்து, எத்தனை வகை மரம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுக்குக் குறைந்தால் இந்த மழைக்கே நட வேண்டியதுதான். வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் 2021-22ல் தொடங்கியபோது, வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்று, தோட்டமாக நட 160 கன்று என்ற கணக்கில் கொடுத்தது. இந்த ஆண்டு என்ன கன்று இருக்கிறது என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொள்ளாச்சி விவசாயிகளை ஒருமுறை கொரங்காட்டுக்கும், உடுமலை விவசாயிகளை வாடல் நோய் கண்ட தோப்புக்கும் அழைத்துப் போங்கள். ஒரு ஊரில் நோயைப் பார்த்தவர்தான் அடுத்த ஊரில் அதை முதல் மரத்திலேயே கண்டுபிடிப்பார்.