அந்தி மேகம் எப்போது அணைகிறது?

அந்தி வானில் விசித்திரமான மேகம் தென்பட்டால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது நிறத்துக்கு. மேகத்தை அடையாளம் காண நிறம் அவ்வளவாக உதவாது. சாயும் வெயில் நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிவிட, சிவப்பும் ஆரஞ்சும் மிஞ்சுகின்றன. எந்த மேகத்தின் மீதும் அதே சாயம்தான். அது எப்போது மறைகிறது என்பதுதான் துப்பு.

பூமி உருண்டை. சூரியன் தரையில் நிற்பவருக்கு மறைந்த பிறகும் உயரத்தில் இருப்பவற்றின் மீது வெயில் படும். 2 கி.மீ.க்குக் கீழே உள்ள மேகங்கள் முதலில் கறுக்கும், 6 கி.மீ.க்கு மேல் இழை இழையாகப் படரும் சிரஸ் மேகங்கள் அதன் பிறகும் சிவந்திருக்கும்.

உயரம் பிடிபட்டால், அடுத்து வடிவம். தலைவிரித்த இடிமேகத்தின் அடியில் பை பையாகத் தொங்குவது மம்மடஸ்; பக்கவாட்டில் அடிக்கும் மாலை வெயிலில் ஒவ்வொரு பையும் எடுப்பாகத் தெரியும். மலைப்பகுதியில் நகராமல் நிற்கும் வில்லை வடிவ மேகம் லென்டிகுலாரிஸ். மலையைத் தாண்டும் காற்று அலையாக ஏறி இறங்குகிறது. ஏறுமிடத்தில் ஈரம் குளிர்ந்து துளியாகும், இறங்குமிடத்தில் ஆவியாகும். அதனால் காற்று ஓடினாலும் மேகம் நிற்கும். பறக்கும் தட்டு என்று பலரை ஏமாற்றியதும் இதுதான். கொந்தளிக்கும் கடலைக் கவிழ்த்ததுபோல் வானம் முழுக்க நெளிந்தால், அது ஆஸ்பெரிடாஸ். உலக வானிலை அமைப்பு தன் சர்வதேச மேக அட்லஸில் இதைச் சேர்த்தது 2017-இல்தான்.

எல்லா மேகமும் இருண்ட பிறகும் வெள்ளி நீலமாக ஒளிர்வது ஒன்று உண்டு. 1883-இல் கிரகட்டோவா எரிமலை வெடித்த பின் ஐரோப்பாவின் அந்திகள் வழக்கத்துக்கு மாறாகச் சிவந்தன. அந்தி வானைக் கவனிக்கும் பழக்கம் பரவியிருந்த 1885-இல் இந்த மேகம் கண்ணில் பட்டது. ஜெர்மானிய வானியலாளர் ஓட்டோ யெஸ்ஸ, வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டு அதன் உயரத்தைக் கணக்கிட்டார்: சுமார் 82 கி.மீ. விண்கல் தூசு போன்ற நுண்துகள்களின் மேல் படியும் பனிப்படிகங்களே இந்த இரவொளி மேகம்.

இது தமிழ்நாட்டு வானில் தெரியாது. பெரும்பாலும் 50 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே, கோடையில்தான் தெரியும். லண்டனிலோ ஆஸ்லோவிலோ இருக்கும் உறவினர் ஜூன் மாதத்தில் ஒளிரும் மேகப் படம் அனுப்பினால், எத்தனை மணிக்கு எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.