நிலைபெறும் நறுமணம்

மணத்தை விரும்பாத மக்கள் யாண்டும் இலர். ஆண்டுதோறும் புதிய புதிய வாசனைத் திரவியங்கள் அழகிய புட்டிகளில் அடைபட்டுக் கடைக்கு வருகின்றன. அவற்றுட் பல இரண்டொரு வருஷங்களில் மறைந்துபோகின்றன. மிகச் சிலவே தலைமுறை கடந்து நிற்கின்றன. இதன் காரணம் யாது? நம் திண்டுக்கல் சமவெளியில் விளையும் மல்லிகையைக் கொண்டே இதனை ஒருவாறு ஆராய்வோம்.

நிலக்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மல்லிகைத் தோட்டங்கள் மிகுதி. வைகறையிற் பறித்த மொட்டுகள் காலையிலேயே பூச்சந்தையை அடைகின்றன. அப்பொழுது அவற்றில் மணம் மிகச் சிறிதே. அந்தி சாய்ந்து இதழ் விரியுங்காலத்தே மணம் பிறக்கின்றது. கொடியினின்று நீங்கிய பின்னும் இரவெல்லாம் ஊறிக்கொண்டேயிருக்கின்றது.

ரோஜாவைப்போல் மல்லிகையை நீராவியில் வடித்தல் இயலாது. வெப்பத்தால் அதன் மென்மணம் கெடும். ஆதலின் வடநாட்டார் எள்ளையும் மலரையும் அடுக்கடுக்காய்ப் பரப்பி, மணமேறிய எள்ளை ஆட்டித் தைலம் எடுத்தனர். பிரான்ஸ் தேசத்துக் கிராஸ் நகரத்தார் கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டுகளில் மலரைப் பரப்பினர். இக்காலத்து ஆலைகளிலோ, மொட்டு விரியும்வரை காத்திருந்து, ஹெக்ஸேன் என்னும் திரவத்தில் அதனை ஊறவைக்கின்றனர். அத்திரவம் ஆவியாய் நீங்கியபின் எஞ்சும் மெழுகு 'கான்கிரீட்' எனப்படும். அதனைச் சாராயத்திற் கரைத்துக் குளிர்வித்து, மெழுகைப் பிரித்து, சாராயத்தையும் போக்கினால் கிடைப்பதே 'அப்ஸொல்யூட்' என்னும் சாரம். 1000 கிலோ மலருக்குக் கான்கிரீட்டே மூன்று கிலோவை எட்டுதல் அரிது. சாரம் அதனினுங் குறைவு.

இச்சாரத்தில் கனிபோல் இனிக்கும் பென்ஸைல் அஸிடேட் உண்டு, லினலூல் உண்டு, இன்டோல் என்னும் பொருளும் உண்டு. இன்டோல் மிகுந்தால் மலநாற்றம் வீசும்! ஆயினும் அது சிறிதளவு கலந்திருத்தலாலேயே மல்லிகைக்கு உயிர் உண்டாகின்றது. இனிமை மட்டும் உடைய மணம் விரைவில் தெவிட்டும் என்பது இதனால் விளங்கும்.

மேலும், வாசனை காலத்தோடு மாறும் இயல்பினது. எலுமிச்சை, நாரத்தை போன்ற மணங்கள் முதலில் எழுந்து, சிறிது நேரத்தில் அகலும். மலர் மணம் அடுத்து விரியும். சந்தனம் முதலியன இறுதிவரை நிற்கும். கடையில் முகர்ந்து வாங்குவோர் பெரும்பாலும் முதல் மணத்துக்கே விலை கொடுக்கின்றனர். புதுச்சரக்குகள் பலவும் அக்கணத்துக்கென்றே கூட்டப்படுகின்றன. பழையன நிலைத்தமைக்குக் காரணம், மாலையில் தடவியது மறுநாட் காலையிலும் இன்னதென்று அறியப்படுவதே. 1921-இல் எர்னஸ்ட் போ அமைத்த 'ஷனெல் எண் 5', 1930-இல் ஜான் பட்டூ வெளியிட்ட 'ஜாய்' ஆகிய இரண்டிலும் கிராஸ் மல்லிகை நடுநின்றது. 1966-இல் வந்த 'ஓ ஸோவாஜ்' என்பதிலோ, மல்லிகையின் கூறொன்றைத் தழுவி ஆய்வுச்சாலையிற் செய்த ஹெடியோன் சேர்ந்தது. செயற்கைப் பொருளும் மலரின் வழியே செல்லவேண்டியதாயிற்று.

இனி, இம்மணத்தை விளைவிப்போர் நிலை யாது? மார்கழி, தைப் பனியில் விளைச்சல் சுருங்கி, மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறும். கோடையில் மலர் குவியுங்கால், சில நாட்களிற் பறிகூலிக்கும் போதாதபடி விலை வீழும். மாலைக்குள் விற்காத மொட்டு மறுநாட் குப்பையே. அக்காலத்தில் சார ஆலைகள் கொள்முதல் செய்தல் உழவர்க்கு ஓர் ஊன்றுகோல். ஆயினும் அங்குக் கிடைப்பது பெரும்பாலும் குறைந்த விலையே. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டத்து மலரும் அதனுள் அடங்கும். எனினும் புட்டியின்மேல் அமைத்தோர் பெயரும் விற்போர் பெயரும் பொலிய, பறித்தோர் ஊரின் பெயர் காணப்படுவதில்லை.

நிலைபெறும் மணம் ஒரு நாளிற் பிறப்பதன்று. மண்ணும் மலரும் கைத்திறனும் பல்லாண்டு கூடி ஆக்குவது. வைகறை இருளிற் பறிக்கும் கைக்கும் உரிய ஊதியம் கிடைத்தாலன்றி, அம்மணம் நிலைபெறுதல் எங்ஙனம்?