வைட்டிலாவை வரையத் தெரியாத இயந்திரம்

சீன வலை, அந்திச் சூரியன், கரையில் நிழலுருவாக நாலு மீனவர்கள். ஃபோர்ட் கொச்சியை இப்படிக் கேட்டால் மிட்ஜர்னி போன்ற ஏஐ செயலிகள் நொடிகளில் படம் போட்டுக் கொடுத்துவிடும். அதே செயலியிடம் கொச்சியின் வைட்டிலா சந்திப்பைக் கேட்டால் மேம்பாலம், பேருந்து, நெரிசல் எல்லாம் வரும். பெரும்பாலும் ஊர் மட்டும் வராது. அது கோவை காந்திபுரமாகவும் இருக்கலாம், ஹைதராபாத்தாகவும் இருக்கலாம். நெடுஞ்சாலை மேம்பாலத்துக்கும் மேலே மெட்ரோ குறுக்கே போவதும், பேருந்து நிலையத்தை ஒட்டியே வாட்டர் மெட்ரோ படகுத்துறை இருப்பதும் அங்கே தினமும் பஸ் மாறுகிறவருக்குத் தெரியும். கேமராவோடு அங்கே நின்றவருக்கும் தெரியும்.

ஏன் இப்படி? இந்தச் செயலிகள் இணையப் படங்களையும் அவற்றோடு இருந்த வாசகங்களையும் பார்த்துக் கற்றவை. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன், லயான்-5பி தொகுப்பின் பகுதிகளை வைத்துப் பழகியது. அந்தத் தொகுப்பில் சுமார் 585 கோடி படங்களுக்கான இணைப்புகள் உண்டு. பழக்கும் முறை கேமராக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் விழுமல்லவா? நல்ல படத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு நீக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பழகிய பின் வெறும் நாய்ஸைக் கொடுத்து, 'இதற்குள் சீன வலை இருக்கிறது' என்றால் வலையை எடுத்துக் காட்டுகிறது. எல்லோரும் எடுத்த காட்சி சுலபமாக வரும். அதிகம் எடுக்கப்படாத இடத்துக்கு, அதைப் போன்ற பல ஊர்களின் சராசரிதான் கிடைக்கும்.

கல்யாணப் படம் எடுக்கிற பலருக்கு ஏஐக்குள் நுழையும் வாசல் போட்டோஷாப்தான். 2023இல் ஜெனரேட்டிவ் ஃபில் வந்த பிறகு, ஜோடிக்குப் பின்னால் தொங்கும் கரண்ட் கம்பியை அழிப்பது ஒரு நிமிட வேலை. அடுத்த படி, எழுத்தால் படம் கேட்பது. இதில் அவர்களுக்குக் கூடுதல் பலம் உண்டு: ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம், 85 எம்எம் லென்ஸா 24ஆ, பின்னணி எவ்வளவு மங்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள். மூன்றாவது படிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லோரா என்ற முறையில், தான் எடுத்த சில பத்துப் படங்களைக் கொண்டே ஓர் இடத்தையோ தன் பாணியையோ ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற செயலிக்குக் கற்றுக்கொடுக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க்குகளில் தூங்கும் வைட்டிலாப் படங்களுக்கு அப்போதுதான் மதிப்பு தெரியும்.

இப்படி வரும் படத்தைப் புகைப்படம் என்று சொல்லலாமா? ஜெர்மன் புகைப்படக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதின் ஒரு பிரிவில் வென்றார். பழுப்பேறிய பழைய படம் போல இரண்டு பெண்கள். அது ஏஐ படம் என்று அறிவித்து, ஏப்ரலில் லண்டன் விழா மேடையில் பரிசை மறுத்தார். ஏஐ படமும் புகைப்படமும் ஒரே போட்டியில் மோதக் கூடாது என்பது அவர் வாதம். அவர் அந்தக் கருவியை விட்டுவிடவில்லை. தன் படத்தை அதன் பெயரால் அழைத்தார், அவ்வளவே. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் எழுந்த கேள்வி வேறு: ஏஐ படம் யாருடையது? வழக்கறிஞர் அங்கித் சஹானி தான் எடுத்த சூரிய அஸ்தமனப் படத்தை 'ராகவ்' என்ற ஏஐ செயலியில் கொடுத்து, வான்கோவின் நட்சத்திர இரவு ஓவியத்தின் பாணியை ஏற்றினார். 'சூர்யாஸ்த்' பிறந்தது. 2020இல் இந்தியப் பதிப்புரிமை அலுவலகம் ராகவையும் இணைப் படைப்பாளியாக ஏற்றுப் பதிவு செய்தது; மறு ஆண்டே பதிவைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் அனுப்பியது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 டிசம்பரில் இறுதியாகப் பதிவையே மறுத்தது. மூலப்படம், பாணிப்படம், பாணியை எவ்வளவு ஏற்றுவது என்ற ஓர் எண் ஆகிய மூன்றையும் தேர்ந்தது சஹானிதான். அது போதாது என்றார்கள். ஆனால் நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு எடுத்தவரே படைப்பாளி. கணினி உருவாக்கியதற்கு, அது உருவாகக் காரணமானவர். பின்னது 1994இல் சேர்த்தது. ஏஐக்கும் அது பொருந்துமா என்பதை நீதிமன்றங்கள்தான் தெளிவாக்க வேண்டும்.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுப்பவர்கள் தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள். பயணிகளின் கேமராக்களுக்குச் சலிக்காமல் முகம் கொடுத்தவர்கள். அந்த முகங்களைப் பயிற்சிக்குப் போடும் முன் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். அன்று ஒரு படத்துக்குத் தலையாட்டியது இதற்கும் சேர்த்தல்ல.

எடுத்தவர்களுக்குப் பங்கு? ஏஐ பயிற்சிக்குப் பயன்படும் படைப்புகளுக்குக் கட்டாய உரிமமும் ராயல்டியும் வேண்டும் என்று 2025 டிசம்பரில் ஒன்றிய அரசின் தொழில்துறை ஊக்குவிப்புத் துறை வெளியிட்ட ஆய்வறிக்கை முன்மொழிந்தது. பாடல்களுக்குப் பணம் வசூலிக்கச் சங்கங்கள் உண்டு. எந்தச் சங்கத்திலும் சேராத ஒரு வைட்டிலா கல்யாண போட்டோகிராஃபருக்கு அந்தத் தொகை எந்த வழியாக வந்து சேரும் என்பதைச் சட்டம் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும்.