வாரம் 2 நாள் ஜிம் போதுமா?

போன வருஷம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். காலைல 7 மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். நான், "இன்னைக்கு லெக் டே, அம்மாவோட போங்கப்பா, பின்னாடியே வந்துடறேன்"னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. ஆட்டோ பிடிச்சுப் போயிட்டார்.

வாரத்துக்கு 6 நாள் ஜிம் போன காலம் அது. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். உலக சுகாதார நிறுவனத்தோட 2020 வழிகாட்டுதல், உடம்போட முக்கியமான தசைகள் எல்லாத்துக்கும் வாரத்துல 2 நாளாவது பயிற்சி கொடுக்கச் சொல்லுது. அவ்வளவுதான். இன்னொண்ணு, பலத்தை வளர்க்கத்தான் நிறைய உழைப்பு வேணும். வந்ததைத் தக்கவைக்க அதுல கொஞ்சம் போதும். ஒரே கண்டிஷன்: செட்டைக் குறைக்கலாம், தூக்குற எடையைக் குறைக்கக்கூடாது.

இப்போ செவ்வாய், சனி மட்டும். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங், ஒவ்வொண்ணும் 3 செட். 45 நிமிஷத்துல வெளிய. ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குற வாரம்னா ஒரு நாள்தான். ஸ்குவாட் அதே 90 கிலோவுல நிக்குது. குறையல, ஏறவும் இல்ல. அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

அப்பாவோட ரெண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்துச்சு. 6 மணிக்கே கார் புக் பண்ணி வாசல்ல நின்னேன். செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டார்: "ஏன்டா, இன்னைக்கு ஜிம் இல்லையா?"