தசைநாணுக்கென்று ஒரு நாட்காட்டி

விளையாட்டு வீரர் ஒருவரின் எலும்பு முறிந்தால் அவருடைய ரசிகர்களுக்கு ஏதோ ஒரு விடை கிடைத்துவிடுகிறது. ஆறு வாரம் என்பார்கள், எட்டு வாரம் என்பார்கள். நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு காத்திருக்கலாம். தசைநாண் நைந்துவிட்டது என்றால் அத்தகைய விடை எளிதில் கிடைப்பதில்லை. வலி குறைந்திருக்கிறது, பயிற்சி தொடங்கியிருக்கிறது, மீண்டும் வலிக்கிறது என்ற செய்திகளே மாறி மாறி வருகின்றன. கூடைப்பந்து ரசிகர்களாயினும் கிரிக்கெட் ரசிகர்களாயினும் அவர்களை மிகவும் அலைக்கழிப்பது இந்த இழுபறிதான்.

குளத்தூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று தமிழும் மலையாளமும் ஒரே தேநீர்க்கடை பெஞ்சில் அமர்ந்து பேசும் இந்த எல்லைப்புறத்தில், 2024ஆம் ஆண்டின் கோடையில் அந்தக் கவலை ஒரு முழங்காலைப் பற்றியதாக இருந்தது. பாலக்காட்டைச் சேர்ந்த நீளந்தாண்டுதல் வீரர் முரளி ஸ்ரீசங்கரின் முழங்கால் அது. தந்தை முரளி மும்முறை தாண்டுதலில் இந்தியாவுக்காகப் பங்கேற்றவர். மகனின் பயிற்சியாளரும் அவரே. தாய் பிஜிமோள் 800 மீட்டர் ஓட்ட வீராங்கனை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஸ்ரீசங்கர் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். 2023 ஜூனில் புவனேஸ்வரத்தில் அவர் தாண்டிய தூரம் 8.41 மீட்டர். முதலூரைச் சேர்ந்த நம் தமிழ்நாட்டு வீரர் ஜெஸ்வின் ஆல்ட்ரினின் தேசிய சாதனை 8.42 மீட்டர், இருவருக்கும் இடையே ஒரே ஒரு சென்டிமீட்டர்! அடுத்த மாதமே பாங்காக்கில் 8.37 மீட்டர் தாண்டிப் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். ஹாங்சோ ஆசியப் போட்டியில் மற்றொரு வெள்ளி.

2024 ஏப்ரல் 16 அன்று பயிற்சியின்போது அவருடைய முழங்கால் சில்லின் கீழுள்ள தசைநாண் அறுந்தது. ஒலிம்பிக் தொடங்க நூறு நாட்களே இருந்தன. இரண்டு நாட்களில் அவரே அறிவித்துவிட்டார்: பாரிஸ் இல்லை.

நூறு நாட்கள் போதாதா என்று அப்போது பலரும் கேட்டனர். போதாது. அதற்கான காரணம் தசைநாணின் அமைப்பிலேயே இருக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான கயிறு தசைநாண். தசைக்கு இரத்த ஓட்டம் தாராளமாக உண்டு. ஆகவே அது விரைவில் ஆறுகிறது. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு இங்கே குறிப்பிடத்தக்கது. அணுகுண்டுச் சோதனைகள் நடந்த ஆண்டுகளில் காற்றில் கலந்த கதிரியக்கக் கரிமத்தின் அளவைக் கொண்டு, குதிகால் தசைநாணின் உட்பகுதி எப்போது உருவானது என்று அவர்கள் கணக்கிட்டனர். ஏறத்தாழ பதினேழு வயதுக்குள் உருவாகும் அந்தத் திசு, அதன்பின் வாழ்நாளில் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரியவந்தது. பதினேழு வயதில் வாங்கிய கயிற்றை வைத்துக்கொண்டுதான் ஒரு வீரர் முப்பத்தைந்து வயது வரை ஓடவும் தாண்டவும் வேண்டியிருக்கிறது.

முற்றிலும் அறுந்துபோவதாவது வெளிப்படையாகத் தெரிந்துவிடும். சிறுகச் சிறுக நைவதுதான் ஏமாற்றும். ஓடத் தொடங்கும்போது வலிக்கும்; உடல் சூடேறியதும் வலி மறைந்துவிடும்; வீரர் நன்றாகவே ஆடுவார். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போதுதான் உண்மை நிலை வெளிப்படும். ரசிகர்கள் காண்பது மாலை ஆட்டத்தை மட்டுமே. இந்நோய்க்குத் 'தாண்டுவோர் முழங்கால்' என்ற பொருள்படும் பெயரே மருத்துவத்தில் உண்டு. 2005இல் வெளியான நார்வே ஆய்வில், உயர்நிலைக் கூடைப்பந்து வீரர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இது காணப்பட்டது. வாலிபால் வீரர்களிடையே இதைவிட மிகுதி.

முழு ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பிழையானதே. வேலையே கொடுக்காவிட்டால் தசைநாண் மேலும் வலுவிழக்கும். மிகையாகக் கொடுத்தால் கிழியும். தாங்கக்கூடிய பாரத்தை அளந்து, பல வாரங்களுக்குப் படிப்படியாக உயர்த்துவதே இன்றைய சிகிச்சையின் சாரம். கடன் வாங்கியவரின் வருவாய்க்கு ஏற்பத் தவணையை மாற்றியமைப்பது எங்களைப் போன்ற வங்கியாளர்களுக்குப் பழகிய வேலை. இயன்முறை மருத்துவர் செய்வதும் ஏறக்குறைய அதுவே. தவணையைத் தள்ளுபடி செய்யவும் கூடாது, மொத்தத்தையும் ஒரே நாளில் கேட்கவும் கூடாது.

நம் பகுதியில் இது குறித்துப் பேசத் தொடங்கினால் வர்ம ஆசான்களைப் பற்றிய பேச்சு வராமல் இராது. தென் திருவிதாங்கூரில் சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் முறிவெண்ணெய் தடவி, கட்டுப் போட்டுக் குணம் கண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அம்மரபின்மீது எனக்கு மதிப்பு மிகுதி. ஆயினும் முற்றிலும் அறுந்த தசைநாணின் இரு முனைகளை எண்ணெய் ஒன்றுசேர்க்காது. அதற்கு அறுவை சிகிச்சை நிபுணரிடம், அதுவும் காலம் தாழ்த்தாமல், செல்லத்தான் வேண்டும்.

இந்தியர்கள் அனைவரும் ஒருசேரத் தசைநாணைப் பற்றிக் கவலைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2004 ஆகஸ்டில் சச்சின் டெண்டுல்கரின் முழங்கை வலி காரணமாக 'டென்னிஸ் எல்போ' என்ற சொல் தேநீர்க்கடை வரை வந்தது. டென்னிஸ் ஆடாதவருக்கு ஏன் அந்த நோய் என்று கேட்காதவர் அந்நாளில் குறைவு. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதலிரண்டு டெஸ்டுகளில் அவர் ஆடவில்லை. பின்னர் திரும்பி வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் டாக்காவில் ஆட்டமிழக்காமல் 248 ஓட்டங்கள் எடுத்தார். கை சரியாகிவிட்டது என்று நாடே முடிவு செய்தது. ஐந்தே மாதங்களில், 2005 மே மாதம், லண்டனில் அதே முழங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அக்டோபரில் நாகபுரியில் 93 ஓட்டங்களுடன் மீண்டார். டிசம்பர் 10 அன்று டெல்லியில் முப்பத்தைந்தாவது டெஸ்ட் சதம் அடித்துக் கவாஸ்கரைக் கடந்தார். டாக்காவின் 248 ஓட்டங்களை உடல்நலச் சான்றிதழாக எடுத்துக்கொண்டது எவ்வளவு தவறு என்பதை இப்போது எண்ணிப் பார்க்கலாம்.

கூடைப்பந்தில் இதைவிடக் கடுமையான நிகழ்வு 2019இல் நேர்ந்தது. கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுரான்ட் மே மாதம் கெண்டைக்காலில் காயமுற்று ஒரு மாதம் வெளியே இருந்தார். அவரில்லாமல் அணி இறுதித் தொடரில் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியது. எப்போது வருவார் என்ற கேள்வி நாளுக்கு நாள் உரத்தது. ஜூன் 10 அன்று, தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொரான்டோவில், ஐந்தாம் ஆட்டத்தில் களமிறங்கினார். பன்னிரண்டு நிமிடங்களில் 11 புள்ளிகள். பிறகு குதிகால் தசைநாண் அறுந்தது. அவர் தரையில் அமர்ந்தபோது அரங்கிலிருந்த உள்ளூர் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கைதட்டி ஆரவாரித்தனர். டொரான்டோ வீரர்களே கைகாட்டி அவர்களை அடக்கினர். அதே அரங்கம் சற்று நேரத்தில் அவரைக் கைதட்டி வழியனுப்பியது. யாரையேனும் குறை சொல்வதானால் தம்மையே சொல்லும்படி அணியின் தலைமை நிர்வாகி கண்ணீருடன் கேட்டுக்கொண்டார். டுரான்ட் அடுத்த பருவம் முழுவதையும் இழந்தார். மீண்டும் ஆடியது 2020 டிசம்பர் 22 அன்று, வேறோர் அணிக்காக.

2025 ஜூனில் இந்தியானா அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் கெண்டைக்காலில் காயம்; அதோடு ஆறாம் ஆட்டம்; ஏழாவதில் குதிகால் தசைநாண் அறுந்தது.

இவர்களுக்கெல்லாம் மருத்துவர் குழுக்கள் உண்டு. குளத்தூர் ஊராட்சியின் கடற்கரையில் உள்ள பொழியூரோ, சந்தோஷ் கோப்பைக் கால்பந்துக்குத் தொடர்ந்து வீரர்களைத் தந்துவரும் மீனவக் கிராமம். அங்கு மணலில் ஆடும் இளைஞனுக்குத் தசைநாண் அறுந்தால் ஆட்டத்தோடு கடல்தொழிலும் நிற்கும். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் இதற்குப் பணம் கிடைக்குமா என்று கேட்போர் உண்டு. அத்திட்டம் விபத்தால் நேரும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. மருத்துவமனைச் செலவை அது ஈடுசெய்யாது. ஆதலால் களத்தில் இறங்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் தனியே ஒரு மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும், ஆறு மாத வீட்டுச் செலவுக்கான சேமிப்பைப் பற்றியும் முன்கூட்டியே யோசிப்பது நன்று.

ஸ்ரீசங்கர் அவசரப்படவில்லை. பாரிஸில் ஜெஸ்வின் 7.61 மீட்டரோடு தகுதிச்சுற்றில் வெளியேறியதை அவர் வெளியிலிருந்தே அறிந்திருப்பார். பதினைந்து மாதங்கள் கழித்து, 2025 ஜூலை 12 அன்று, புனேயில் முதன்முறையாகப் போட்டிக் களத்துக்குத் திரும்பினார்: 8.05 மீட்டர், முதலிடம். அடுத்துப் போர்ச்சுகலிலும் கஜகஸ்தானிலும் தாண்டிவிட்டு, ஆகஸ்டு 10 அன்று புவனேஸ்வரத்தில் 8.13 மீட்டர். செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் 7.78 மீட்டர் மட்டுமே, இறுதிச்சுற்று வாய்க்கவில்லை. தேநீர்க்கடையில் சிலர் உதட்டைப் பிதுக்கினர். பாலக்காட்டு முழங்காலைத் தொடக்கத்திலிருந்து கவனித்து வந்தவர்களோ, மூன்று மாதங்களில் கண்டம்விட்டுக் கண்டம் சென்று பல போட்டிகளில் தாண்டிய பிறகும் அந்தத் தசைநாண் தாங்கி நிற்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தனர்.