படமாக வரைந்தால் வண்டு பிடிபடும்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேடு போன்ற ஊர்களில், அராபிகா காப்பி பயிரிடுவோர் அஞ்சும் பூச்சி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். பொரிந்து வரும் புழு தண்டைக் குடைந்துகொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். இலை மஞ்சளாகி வாடும்போதுதான் விவசாயிக்கு விஷயம் தெரிகிறது. அதற்குள் சில ஆண்டுகள் வளர்த்த செடி கைவிட்டுப் போயிருக்கும்.

இதற்கான வழியை ஆய்வாளர்கள் எப்போதோ கண்டறிந்துவிட்டார்கள். வண்டு பறப்பது ஆண்டில் இரண்டு பருவங்களில்: ஏப்ரல், மே, பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எனவே அவற்றுக்கு முன்பாக, மார்ச்சிலும் செப்டம்பரிலும், பாதித்த செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். வெயில் நேராக விழும் செடிகளையே வண்டு நாடுவதால் நிழல் மரங்களைக் காக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் ஆய்விதழில் இது சோதனை முறை, அட்டவணை, முடிவு என்ற வரிசையில் அமைந்திருக்கும். தோட்டக்காரரின் மனத்தில் ஓடுவதோ மாதங்களின் வரிசை. ஒரு வட்டம் வரைந்து, பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து, வண்டு எந்த மாதம் எங்கே இருக்கிறது, கை எந்த மாதம் ஓங்க வேண்டும் என்று காட்டினால் பத்துப் பக்கங்களின் சாரமும் அதில் அடங்கிவிடும்.

பொருளியல் ஆசிரியனாக இருந்த எனக்கு இதில் இன்னொன்றும் தென்படுகிறது. ஒருவர் தம் தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருந்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் எரிக்காமல் விட்ட செடியிலிருந்து வண்டு பறந்து வரும். அதாவது, படித்த நால்வருக்கு மட்டும் தெரிந்தால் அந்த நால்வருக்கும் பயனில்லை. அறிக்கையை இலவசமாகத் தருகிறோம் என்பார்கள். படித்துப் புரிந்துகொள்ளும் நேரத்துக்கு விலை இல்லையா என்ன?

படங்களின் பயன் வெறும் ஊகமன்று. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் நிறுவனத்தில் உருவான 'டிஜிட்டல் கிரீன்' திட்டம், உள்ளூர் விவசாயிகளையே நடிக்கவைத்துக் குறும்படங்கள் எடுத்து, ஊர்க் கூட்டங்களில் காட்டியது. 16 கிராமங்களில் 1,470 குடும்பங்களிடையே 13 மாதங்கள் நடந்த சோதனையில், சில வேளாண் முறைகளை ஏற்றவர்கள், அலுவலர் நேரில் சென்று சொல்லும் பழைய முறையைக் காட்டிலும் ஏழு மடங்கு. செலவிட்ட பணத்துக்குக் கிடைத்த பலன் பத்து மடங்குக்கும் மேல். தங்களைப் போன்ற ஒருவரைத் திரையில் பார்ப்பது அதில் பெரும் பங்கு வகித்தது என்றே கருதுகிறேன்.

ஆனால் படமும் பொய் சொல்லும். காப்பி விலை வரைபடத்தில் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் விட்டால், சிறு சரிவும் பாதாளமாகத் தோன்றும். வியன்னாவில் 1925இல் அருங்காட்சியகம் நிறுவி, புள்ளிவிவரங்களைப் பாமரருக்குச் சித்திரமாக்கிய ஓட்டோ நெய்ராத் ஒரு விதி வைத்திருந்தார்: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, அதே உருவத்தை மேலும் வரை. ஒரு மூட்டையை இருமடங்கு உயரமாகவும் அகலமாகவும் வரைந்தால் கண் அதை நான்கு மூட்டையாக எண்ணிவிடும். இன்று கணினியில் வரைபவர் பலருக்கு இந்த எளிய எச்சரிக்கை எட்டவில்லை.

யார் வரைவது என்பதும் முக்கியம். 1980களின் இறுதியில் தென்னிந்தியக் கிராமங்களில் 'மைராடா' போன்ற அமைப்புகள் மக்களையே மண்ணில் கோடு கிழித்து, விதைகளை வைத்துப் பருவகால நாட்காட்டி அமைக்கச் செய்தன. ஆய்வாளர் கேட்க மறந்தவை அதில் வெளிப்பட்டன. நான் சொன்ன வட்டத்தையும் கொட்டச்சேட்டுக்காரர்களே நிரப்பட்டும். வண்டின் மாதங்களை ஆய்வாளர் குறிக்கலாம். மிளகு பறித்து முடியும் மார்ச்சில், செடி பிடுங்க ஆள் கிடைக்குமா, கூலி என்ன என்பதை அவர்கள்தாம் குறிக்க முடியும்.